எல்லாரையும் கனம்பண்ணுங்கள் என்றால் எல்லாரையுமா?

சபைக் கூட்டம் ஒன்றில் ஒருவர் உங்களை எல்லார் முன்னாலும் மட்டம்தட்டிப் பேசிவிட்டார். அவரையும் மதிப்போடு நடத்துவதுதான் கிறிஸ்தவ வழி என்று உங்களுக்கு அறிவுரை சொன்னார்களாம். ‘மதிக்கத் தகுதியில்லாதவரை எப்படி மதிப்பது? மதித்தால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாதா? நம் விசுவாசத்தை ஏற்காதவர்களுக்கும் இதே சட்டம்தானா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வருஷத்துக்கு மேலாக வேதபாட வகுப்பு எடுத்துவருகிறேன். வேறு வேறு உருவத்தில் இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

‘மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு’ என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் அதற்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. நான் கொடுத்ததற்கு ஈடாக எனக்கு வர வேண்டும். வராவிட்டால் நானும் நிறுத்திக்கொள்ளலாம். வேதத்தில் இந்தக் கணக்கு எங்கும் கிடையாது. ‘எல்லாரையும் கனம்பண்ணுங்கள், சகோதரரிடத்தில் அன்புகூருங்கள், தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்’ என்று 1 பேதுரு 2:17 சொல்கிறது. ஒரே வசனத்தில் ‘கனம்பண்ணுங்கள்’ இரண்டு தடவை வருகிறது. கிரேக்க மூலத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். ராஜாவுக்கு எந்தச் சொல்லோ, பெயர் தெரியாத அடிமைக்கும் அதே சொல். அந்தக் கடிதத்தை முதலில் வாசிக்கக் கேட்டவர்களில் அடிமைகள் இருந்தார்கள், அடுத்த வசனமே வேலைக்காரரை நோக்கித்தான் பேசுகிறது. ராஜாவுக்குரிய சொல் தங்களுக்கும் உரியது என்று கேட்டபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

‘கனம்’ என்ற அந்தச் சொல்லையே கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். தமிழில் கனம் என்றால் மதிப்பு. கனம் என்றால் பாரமும்கூட. எபிரெயத்திலும் அப்படியே. ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்ற கட்டளையில் வரும் சொல்லின் வேர், பாரமாயிருத்தல் என்பது. சபிப்பதற்கும் நிந்திப்பதற்கும் அதே மொழியில் உள்ள ஒரு சொல்லின் வேர் என்ன தெரியுமா? லேசாயிருத்தல். ஒருவனை நிந்திப்பது அவனை எடையில்லாதவனாக்குவது, ஊதினால் பறந்துபோகிறவனாக நடத்துவது. இயேசு மலைப்பிரசங்கத்தில் ‘ராகா’ என்ற வசைச்சொல்லைக் குறிப்பிடுகிறார் (மத்தேயு 5:22). வெறுமையானவன், உள்ளே ஒன்றுமில்லாதவன் என்பது அதன் பொருள். நம் பழைய வேத மொழிபெயர்ப்பு ‘வீணன்’ என்று போட்டிருக்கிறது. கொலையைப் பற்றிப் பேச்சைத் தொடங்கியவர் இந்த ஒரு சொல்லுக்கு வந்து நிற்கிறார். முன்பெல்லாம் இது எனக்கு மிகைப்படுத்தலாகத் தோன்றியது. ‘நீ ஒன்றுமில்லை’ என்று சொல்லப்பட்டவர்கள் அதை எத்தனை வருஷம் சுமக்கிறார்கள் என்று பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

அந்த எடையை ஒரு மனிதனுக்குள் வைத்தவர் யார் என்பதில்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆதியாகமம் 1:27, தேவன் மனுஷனைத் தம்முடைய சாயலாகச் சிருஷ்டித்தார், ஆணும் பெண்ணுமாகச் சிருஷ்டித்தார் என்கிறது. அந்தக் காலத்து எகிப்திலும் அசீரியாவிலும் ராஜாவைத்தான் தெய்வத்தின் சாயல் என்று புகழ்ந்தார்கள். ராஜாவுக்கு மட்டும் சூட்டியிருந்த பட்டத்தை ஆதியாகமம் எடுத்து, ஆண் பெண் வித்தியாசமில்லாமல் எல்லார் தலையிலும் வைக்கிறது. ‘பாவத்தில் விழுந்த பிறகு அந்தச் சாயல் போய்விட்டதே’ என்று வகுப்பில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார். இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு, ஆதியாகமம் 9:6ல், கொலை ஏன் கூடாது என்பதற்கு இதே சாயலைத்தான் தேவன் காரணமாகச் சொல்கிறார். புதிய ஏற்பாட்டில் கடிதம் எழுதிய யாக்கோபும் அதையே பிடித்துக்கொள்கிறார்: எந்த நாவினால் பிதாவைத் துதிக்கிறோமோ அதே நாவினால், தேவசாயலின்படி உண்டாக்கப்பட்ட மனுஷரைச் சபிக்கிறோம், ‘என் சகோதரரே, இப்படியிருக்கலாகாது’ (யாக்கோபு 3:9, 10). நல்ல மனுஷரை என்றோ விசுவாசிகளை என்றோ அவர் வரம்பு போடவில்லை.

ஆகவே ‘தகுதி’ என்ற சொல்லை இந்த இடத்தில் நாம் விட்டுவிடவேண்டும். ஒருவருடைய திறமைக்கும் குணத்துக்கும் கிடைக்கிற பாராட்டு வேறு, அதற்குத் தகுதி வேண்டும்தான். உங்களை அவமதித்தவரை நீங்கள் பாராட்ட வேண்டியதில்லை, நம்ப வேண்டியதில்லை, அவரோடு நெருங்கிப் பழகவும் வேண்டியதில்லை. ஆனால் அவருக்குள் தேவன் வைத்த எடையைக் குறைத்து நிறுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அந்தத் தராசு நம்முடையதல்ல.

இதெல்லாம் தத்துவமாக நின்றுவிட்டால் பிரயோஜனமில்லை. நியாயப்பிரமாணத்தில், அதாவது மோசே வழியாக வந்த சட்டத்தில், நான் மிகவும் நேசிக்கிற ஒரு இடம் உபாகமம் 24:10, 11. கடன் கொடுத்தவன் அடகு வாங்கப் போகிறான். சட்டப்படி அவனுக்கு உரிமை உண்டு, பணம் அவனுடையது. ஆனாலும் கடன்பட்டவனுடைய வீட்டுக்குள் அவன் நுழையக்கூடாது. ‘வெளியே நிற்பாயாக’ என்கிறது வேதம். கடன் வாங்கினவன் உள்ளே போய், எதைக் கொடுப்பது என்று தானே எடுத்து, வெளியே கொண்டுவந்து கொடுப்பான். கதவுக்கு வெளியே நிற்கிற, கடன் கொடுத்த அந்த மனிதரைக் கற்பனை செய்து பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை, பிள்ளைகள் எதன்மேல் படுத்திருக்கிறார்கள் என்பது ஒன்றும் அவருக்குத் தெரியாது. வறுமைக்கும் ஒரு கதவு இருக்கலாம், அதை ஏழையே திறக்கலாம், மூடலாம். கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லும் வசனமல்ல இது. வாங்கும்போதும் அவன் முகம் கெடாமல் வாங்கு என்பதுதான். நம் காலத்தில் உதவி கொடுக்கிற பலர் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போய்விடுகிறோம். பொட்டலத்தைக் கையில் கொடுத்து, வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்புகிறோம். அவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார் என்பதே நமக்கு உறைப்பதில்லை. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒரு குடும்பத்தின் ரகசியத்தைப் பத்து வீட்டில் சொல்வதும் அந்தக் கதவைத் தாண்டுவதுதான்.

லேவியராகமம் 19:14 இன்னும் நுட்பமானது. ‘செவிடனை நிந்தியாமலும்’ என்கிறது. அவருக்குத்தான் காது கேட்காதே, நிந்தித்தால் அவருக்கு எப்படி வலிக்கும்? அதனால்தான் அந்தக் கட்டளை. அவருக்குத் தெரியாது, திருப்பிப் பேச மாட்டார், சாட்சியும் இல்லை என்கிற இடத்தில் நாம் அவரைப் பற்றி என்ன சொல்கிறோம் என்பதை தேவன் கேட்டுக்கொண்டிருக்கிறார். வசனம் ‘உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக’ என்றுதான் தொடர்கிறது. அறையை விட்டு வெளியே போனவரைப் பற்றி நாம் பேசுகிற முதல் வாக்கியத்தை இந்த வசனத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

இனி இயேசுவிடம் வருவோம். லூக்கா 7ல் சீமோன் என்ற பரிசேயன் வீட்டு விருந்து. ஊரார் பாவி என்று ஒதுக்கிவைத்த ஒரு பெண் உள்ளே வந்து, அவர் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துத் தலைமயிரால் துடைக்கிறாள். சீமோன் மனதுக்குள் ‘இவள் இன்னவள்’ என்று எண்ணுகிறான். 44ஆம் வசனத்தில் ஒரு சின்ன அசைவைக் கவனியுங்கள்: இயேசு பெண்ணின் பக்கம் திரும்புகிறார், ஆனால் பேசுவது சீமோனிடம். ‘இந்த ஸ்திரீயைப் பார்க்கிறாயே’ என்கிறார். கிரேக்கத்தில் இதைக் கேள்வியாகவும் வாசிக்கலாம், ‘பார்க்கிறாயா?’ என்று. சீமோன் அவளைப் பார்க்கவில்லை. அவள் வந்ததிலிருந்து அவன் கண்டதெல்லாம் ஒரு வகை, ஒரு முத்திரை. இயேசு தம் முகத்தை அவள் பக்கம் வைத்துக்கொண்டே, அவள் செய்த ஒவ்வொன்றையும் அவளுக்குக் கேட்கும்படி கணக்கிட்டுச் சொல்கிறார்: நீ தண்ணீர் தரவில்லை, இவள் கண்ணீரால் கழுவினாள், நீ முத்தமிடவில்லை, இவள் ஓயவில்லை, நீ எண்ணெய் பூசவில்லை, இவள் பரிமளதைலம் பூசினாள். அந்த அறையில் அவளைப் பற்றி யாராவது நல்லதாகப் பேசியது அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும்.

மாற்கு 5ல் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் துன்பப்பட்ட பெண்ணும் அப்படியே. சாகக்கிடக்கும் மகளுக்காக யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவன் இயேசுவை அவசரமாக அழைத்துப் போகிறான். பெரிய மனிதர், பெயர் சொல்லப்பட்டவர். நடுவழியில் பெயரில்லாத ஒருத்திக்காக இயேசு நின்றுவிடுகிறார். அவள் ஏற்கெனவே குணமாகிவிட்டாள், அப்படியே போயிருக்கலாம். ஆனால் அவளை மறைவிலேயே விட்டுவிட அவருக்கு மனமில்லை. அவள் ‘உண்மையையெல்லாம்’ சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, ‘மகளே’ என்கிறார். நான்கு சுவிசேஷங்களிலும் இயேசு தனியொரு பெண்ணை நேராக ‘மகளே’ என்று அழைப்பது இவளை மட்டும்தான். பர்திமேயு என்ற பார்வையற்றவரிடமும், ‘நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?’ என்று கேட்கிறார் (மாற்கு 10:51). பார்வையில்லாதவருக்கு என்ன வேண்டும் என்று யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும் கேட்கிறார். அவர் வாயால் அவரே சொல்லட்டும் என்று விடுகிறார்.

அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. பல வருஷங்களுக்கு முன் படுத்த படுக்கையாயிருந்த ஒரு வயதான அம்மாவைப் பார்க்க நாங்கள் நாலைந்து பேர் போனோம். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு அவர் மகளிடம் ‘அம்மா சாப்பிடுகிறார்களா? தூங்குகிறார்களா? என்ன சங்கீதம் வாசிக்கலாம்?’ என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார்: ‘ஐயா, எனக்குக் கால்தான் வரவில்லை. என்னிடமே கேட்கலாம்.’ நான் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்டேன். 71ஆம் சங்கீதம் வேண்டும் என்றார். ‘முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும்’ என்று வருகிற சங்கீதம். அன்று நான் அன்பில்லாமல் போகவில்லை, அன்போடுதான் போயிருந்தேன். அன்பு இருந்தும் மதிப்புத் தவறிப்போகலாம் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் கற்றுக்கொண்டேன். இரக்கப்படுகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ‘மிகவும் சிறியவரான என் சகோதரரில் ஒருவருக்கு எதைச் செய்தீர்களோ அதை எனக்கே செய்தீர்கள்’ என்ற வசனத்தைச் சொல்லிக்கொண்டே, எதிரில் இருக்கும் அந்த ஆளை நாம் பார்க்காமலே போய்விட முடியும்.

சபைக்குள் இது எப்படிக் கெட்டுப்போகும் என்பதை யாக்கோபு 2ஆம் அதிகாரம் கண்முன் நிறுத்துகிறது. பொன்மோதிரம் போட்டவர் வந்தால் ‘இந்த நல்ல இடத்தில் உட்காரும்’. கந்தை உடுத்தியவர் வந்தால் ‘நீ அங்கே நில்லு’. மரியாதை விகுதி எங்கே வருகிறது, எங்கே உதிர்கிறது என்று தமிழில் வாசிக்கும்போதே தெரிந்துவிடுகிறது. யாக்கோபு இதற்குப் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘முகத்தை ஏற்றுக்கொள்ளுதல்’ என்ற பொருளுடையது. முகதாட்சிணியம் என்ற நம் சொல் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். அதே முகதாட்சிணியத்தை லேவியராகமம் 19:15 ஏழைக்குச் சாதகமாகவும் செய்யக்கூடாது என்கிறது. பணக்காரரை அவர் பணக்காரர் என்பதற்காகவே கேவலமாகப் பேசுவதும் அவமதிப்புத்தான். கொரிந்து பட்டணத்துச் சபையில் இது கர்த்தருடைய பந்தி என்ற திருவிருந்துவரைக்கும் வந்துவிட்டது. வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், மற்றவர்கள் பசியோடு நின்றார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலன் பவுலின் கேள்வி: ‘இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?’ (1 கொரிந்தியர் 11:22). உணவு போதவில்லை என்பதைவிட, வெட்கப்படுத்தினார்கள் என்பதுதான் அவரைச் சுடுகிறது.

திருச்சபை இதில் எப்போதும் நேராக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். 4ஆம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி என்ற ஆயர், தேவசாயலுக்கு எத்தனை காசு விலை போட்டாய் என்ற தோரணையில் அடிமை முதலாளிகளைப் பிரசங்கத்தில் நேரடியாகக் கேட்டார். அப்படிக் கேட்ட சபையின் பிள்ளைகளே பின்னால் கப்பல் கப்பலாக ஆப்பிரிக்க மக்களை விற்றார்கள். நோவா சபித்தது தன் பேரன் கானானை. அதை ஆப்பிரிக்கர் எல்லார்மேலும் ஏற்றி வேதத்தையே சாட்சிக்கு இழுத்தார்கள். 1688ல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையெழுத்திட்டு, மனுஷர் உங்களுக்கு எதைச் செய்ய விரும்புகிறீர்களோ அதையே அவர்களுக்குச் செய்யுங்கள் என்ற கட்டளையைக் காட்டி அடிமை முறையை எதிர்த்தார்கள். நான்கே பேர். வேதம் எல்லார் கையிலும் இருந்தது, அதில் ஒருவரையொருவர் பார்த்தவர்கள் கொஞ்சம்தான்.

இரண்டாவது கேள்வி: மதித்தால் தவறை ஒப்புக்கொண்டதாகாதா? பரிசேயரை ‘விரியன்பாம்புக் குட்டிகளே’ என்று அழைத்தவர் இயேசு என்பதையும் மறக்கவேண்டாம். ஆனால் அதே பரிசேயர் வீட்டில் பந்தியிருந்தவரும் அவர்தான். லூக்கா மூன்று விருந்துகளைக் குறிப்பிடுகிறார். மத்தேயு 23ல் அந்தக் கடுமையான ‘ஐயோ’க்கள் முடிகிற இடத்தில், கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்ப்பதுபோல உன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள எத்தனை தரமோ மனதாயிருந்தேன் என்று எருசலேமுக்காகப் புலம்புகிறார். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களிடம் முகத்துக்கு முன் சொல்லும் கண்டிப்பு அது. நம் கடுமையான பேச்சுக்கு அதை ஆதாரம் காட்டுமுன், நமக்கு அந்தப் புலம்பல் வருகிறதா என்று பார்க்கவேண்டும். யூதாசின் காரியமும் அப்படியே. யோவான் 13ன்படி, காட்டிக்கொடுக்க அவன் எழுந்து போவதற்கு முன்னமே அவன் கால்களும் கழுவப்பட்டாயிற்று. ‘நீங்களெல்லாரும் சுத்தமுள்ளவர்களல்ல’ என்று சொல்லிக்கொண்டேதான் கழுவுகிறார். உண்மையையும் மறைக்கவில்லை, அவன் காலையும் விட்டுவிடவில்லை.

மதிப்பது என்றால் அடங்கிப்போவது என்றும் அர்த்தமில்லை. தம்மைக் கன்னத்தில் அறைந்த சேவகனிடம் இயேசு, ‘நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்’ என்று கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பி பட்டணத்து அதிகாரிகள் பவுலை விசாரணையில்லாமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் வெளியே அனுப்பப் பார்த்தார்கள். பவுல் போக மறுத்து, அவர்களே வந்து அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16:37). தேவசாயல் உங்களுக்குள்ளும் இருக்கிறது, உங்கள் எடையையும் நீங்கள் குறைக்கக்கூடாது. வீட்டிலோ சபையிலோ அடி, மிரட்டல், பாலியல் தொந்தரவு என்று நடந்தால் ‘மதிப்போடு பொறுத்துக்கொள்’ என்று யாராவது சொன்னால் அதைக் கேட்காதீர்கள். அங்கிருந்து விலகுவதும், சட்டத்தின் உதவியை நாடுவதும் விசுவாசத்துக்கு விரோதமல்ல.

வேறு விசுவாசம் உள்ளவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, வசனமே தெளிவாயிருக்கிறது. நம் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ பதில் சொல்ல வேண்டும் (1 பேதுரு 3:15). அத்தேனே என்கிற ஏதென்ஸில் பவுல் விக்கிரகங்களைக் கண்டு உள்ளுக்குள் வைராக்கியமடைந்தார், ஆனால் வாய் திறந்தபோது அந்த மக்களின் புலவர்களையே மேற்கோள் காட்டிப் பேசினார். பலர் கவனிக்காத இன்னொரு இடம் அப்போஸ்தலர் 19:37. எபேசுவில் கலகம் மூண்டபோது, கிறிஸ்தவரல்லாத ஒரு நகர அதிகாரி ஜனங்களைப் பார்த்து, இந்த மனுஷர் உங்கள் தேவியைத் தூஷித்தவர்களல்ல என்று சாட்சி சொல்கிறார். பவுல் அந்தப் பட்டணத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் பிரசங்கித்திருந்தார். ஒன்றையும் மறைக்காமல் பேசியும், எதிர்த்தரப்பே அப்படிச் சாட்சி சொல்லும்படி பேசியிருக்கிறார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மத்தேயு 18:15 ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ குற்றத்தை உணர்த்தச் சொல்கிறது. அவர் உங்களை எல்லார் முன்பும் பேசினார். நீங்கள் தனியே போங்கள். நடந்ததைக் குறைக்காமல் சொல்லுங்கள்: இன்ன நாள், இன்ன வார்த்தை, அது எனக்கு இப்படி வலித்தது. ‘நீங்கள் எப்போதுமே இப்படித்தான்’ என்று தொடங்காதீர்கள்; அது அவர் செய்ததை விட்டுவிட்டு அவரையே நிறுக்கிற பேச்சு. சொல்லிவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். அவர் செவிகொடாவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு பேரை அழைத்துக்கொண்டு போகலாம், அடுத்த வசனமே அதற்கு இடம் கொடுக்கிறது. அந்த ஒன்றிரண்டு பேர் உங்கள் பக்கம் மட்டும் பேசுகிறவர்களாக இல்லாமல், அவரும் நம்புகிறவர்களாக இருக்கட்டும். அதுவரை நடந்ததை வேறு யாரிடமும் சொல்லாமலிருப்பது கடினம்தான், தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர் எதிரே வந்தால் பெயர் சொல்லி வாழ்த்துங்கள். சிரிக்க முடியாவிட்டால் சிரிக்கவேண்டாம், பெயரைச் சொன்னால் போதும்.